கலத்தை ஏற்றும் ஒளி, கலத்தை இறக்கும் ஒளி

கடலோடிகளுக்குக் கரையைக் காட்டி நின்ற விளக்கைப் பற்றிப் பெரும்பாணாற்றுப்படை பேசுகிறது. பத்துப்பாட்டைப் பாடமாகப் பயின்றவர் அப்பகுதியை மறந்திரார். வானுற ஓங்கிய மாடத்தின் உச்சியில் இரவுதோறும் ஏற்றப்பட்ட தீ, நடுக்கடலில் திசை தடுமாறிய மரக்கலங்களைத் துறையை நோக்கி அழைத்தது. அந்த ஒளி கலத்துக்கு வழி காட்டியதே அன்றிக் கலத்தை நகர்த்தவில்லை. நகர்த்தியவை காற்றும் துடுப்புமே.

ஒளியே கலத்தை நகர்த்துமா? கரையில் நிற்கும் விளக்கே கலத்தைத் துறையிலிருந்து கிளப்பிவிட்டு, சென்று சேரும் இடத்தில் மெல்ல இறக்கியும் விடுமா? கேட்பதற்குக் கற்பனைக் கதைபோல் தோன்றும் இவ்வினாவை அறிவியலார் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கணக்குப் போட்டுப் பார்த்து வருகின்றனர். அவர்கள் கண்டவற்றுள் சிலவற்றை எளிய முறையில் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்த் துறை மலரில் விண்கலத்துக்கு என்ன வேலை என்று மூத்தோர் சிலர் வினவக்கூடும். அறிவியலைத் தமிழில் சொன்னாலன்றித் தமிழ் வளராது என்று மேடைதோறும் நாம் முழங்குகிறோம். முழங்கியதைச் செய்து பார்ப்பதும் நம் கடமையே அன்றோ?

கட்டுச்சோற்றின் சுமை

முதலில் இராக்கெட்டின் துன்பத்தை அறிந்துகொள்வோம். நீரும் நிழலும் சத்திரமும் இல்லாத பாலைவழியே ஒருவர் ஒரு மாதம் நடக்க வேண்டும் என்று கொள்வோம். முப்பது நாளுக்கான கட்டுச்சோற்றையும் நீரையும் அவர் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். அச்சுமையைத் தூக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கும் சோறு வேண்டும். அந்தச் சோற்றைத் தூக்க இன்னோர் ஆள் வேண்டும். பயணம் செய்பவர் ஒருவர்தாம். உடன் செல்வதோ ஒரு பெருங்கூட்டம். இராக்கெட்டின் நிலை இதுவே. எரிபொருளை மட்டுமன்றி, அதனை எரிக்கத் தேவையான ஆக்சிஜனையும் அது சுமந்தே செல்கிறது. புறப்படும் நேரத்தில் அது தூக்குவதில் பெரும்பகுதி, பின்னர் எரிக்கப் போகும் எரிபொருளின் எடையே.

உருசிய அறிஞர் சியோல்கோவ்சுகி 1903ஆம் ஆண்டிலேயே இதனை ஒரு சூத்திரமாக எழுதிவிட்டார். அதன் சாரம் இதுதான். புவியைச் சுற்றிவரும் பாதையை அடைய, காற்றின் தடையையும் புவியின் ஈர்ப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால், விநாடிக்குச் சுமார் 9 கிலோமீட்டர் விரைவு வேண்டும். மண்ணெண்ணெய் வகை எரிபொருளை எரித்து வெளியேற்றும் வாயுவின் விரைவு விநாடிக்குச் சுமார் 3 கிலோமீட்டர். 9இல் 3 மூன்று முறை அடங்குகிறது. ஆகவே மூன்று படி. ஒவ்வொரு படிக்கும் எடை 2.7 மடங்காகும். 2.7ஐ மும்முறை பெருக்கினால் ஏறத்தாழ 20. அதாவது, தளத்தில் 20 டன் நின்றால் மேலே சென்று சேர்வது 1 டன். அந்த ஒரு டன்னிலும் எரிபொருள் தொட்டியும் பொறியும் அடக்கம். நீரியத்தை எரித்தால் வாயுவின் விரைவு 4.5 கிலோமீட்டராகும், படி இரண்டாகும், 7.4 டன்னுக்கு ஒரு டன் கிடைக்கும். இதற்கு மேல் ஏறுவது அரிது. எரிதலில் வெளிப்படும் ஆற்றலுக்கு இயற்கையே ஓர் எல்லை வகுத்திருக்கிறது.

1969இல் நிலவுக்கு மனிதரை ஏற்றிச் சென்ற சாட்டர்ன்-5 தளத்தில் நின்றபோது 2,900 டன்னுக்கும் மேற்பட்ட எடை கொண்டிருந்தது. பயணம் முடிந்து பசிபிக் கடலில் வந்து விழுந்த கூண்டின் எடை சுமார் 5 டன். எஞ்சியவை எரிந்து போயின. அல்லது வழியில் கைவிடப்பட்டன.

காஞ்சிக்கு அருகேயுள்ள புல்லலூரில் 1780ஆம் ஆண்டு ஐதர் அலியும் திப்புவும் ஆங்கிலப் படையை முறியடித்த போரில் மைசூர் வாணங்கள் பறந்தன. மூங்கிலுக்கும் தாளுக்கும் மாற்றாக இரும்புக் குழாயில் மருந்தைக் கெட்டித்ததே அவற்றின் வலிமைக்குக் காரணம். அங்கிருந்து சாட்டர்ன்-5 வரை அளவு மாறியது, மருந்து மாறியது, அடிப்படை மாறவில்லை. அம்பு தன் நெருப்பைத் தானே சுமந்து சென்றது.

அடுப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு அதன் வெப்பத்தை மட்டும் வழியெங்கும் அனுப்பி வைக்க முடியுமா? இதுவே நம் கட்டுரையின் மையப் பொருள்.

ஒளி தள்ளுமா?

ஒளி ஒரு பொருளின்மீது பட்டால் அதனைத் தள்ளும் என்பது நம் புலனுக்கு எட்டாத உண்மை. வெயிலில் நிற்கும் எவரும் சூட்டை உணர்வரே அன்றித் தள்ளுதலை உணர்வதில்லை. எனினும் இவ்வெண்ணத்தின் வித்து மிகப் பழையது. பஸ்றாவில் ஏறத்தாழ 965ஆம் ஆண்டு பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைதம், தம் ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஒளியியல் நூலில், கண்ணாடியில் பட்டு மீளும் ஒளியை விளக்க ஓர் உவமை கையாண்டார். இரும்புத் தகட்டின்மீது எறியப்பட்ட சிறு இரும்புக் குண்டு மோதித் தெறிப்பதைப் போன்றதே ஒளியின் மீட்சியும் என்றார். ஒளி தகட்டைத் தள்ளும் என்று அவர் சொல்லவில்லை. அதனை அவர்மீது ஏற்றிச் சொல்வது நேர்மையாகாது. எல்லாம் நம் முன்னோர் கண்டனவே என்று மார்தட்டும் பழக்கம் நம் மேடைகளில் உண்டு. அவர் உண்மையாகச் செய்ததே போதிய பெருமை உடையது, இட்டுக்கட்ட வேண்டியதில்லை.

வால்மீனின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறமாக நீள்வதைக் கண்ட கெப்ளர், கதிரவனின் ஒளியே அதனைத் தள்ளுகிறது என்று 1619இல் வெளிவந்த நூலில் எழுதினார். 1873இல் மாக்சுவெல் ஒளியின் அழுத்தம் எவ்வளவு என்பதைக் கணக்கால் நிறுவினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருசியாவின் இலெபதேவ் அதனை ஆய்வுக்கூடத்தில் அளந்தே காட்டினார்.

அந்த அழுத்தம் எவ்வளவு? கூடங்குளத்து அணுவுலை ஒன்றின் மின்திறன் 1,000 மெகாவாட். அத்தனையும் ஒளியாக மாறி, குறையே இல்லாத ஒரு கண்ணாடியில் நேராகப் பட்டு மீள்வதாக வைத்துக்கொள்வோம். அது தாங்கி நிறுத்தக்கூடிய எடை ஏறத்தாழ 680 கிராம். ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைக்கூடத் தூக்காது!

ஆகவே தரையிலிருந்து கிளம்புவதற்கு ஒளியின் நேரடித் தள்ளுதல் உதவாது. ஈர்ப்பை எதிர்த்து நிற்க வேண்டாத விண்வெளியில், அவசரம் இல்லாதபோது மட்டுமே அது பயன்படும். 2010இல் ஜப்பான் செலுத்திய இகாரோசு என்னும் பாய்க்கலம் அதனை மெய்ப்பித்தது. மூலைக்கு மூலை 20 மீட்டர் நீண்ட அதன் மெல்லிய பாயைச் சூரிய ஒளி தள்ளியது. அத்தள்ளுதல், கையில் வைத்த ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு எடைக்கு நிகர். ஆயினும் மாதக்கணக்கில் ஓயாது தள்ளினால் விரைவு கூடிக்கொண்டே போகும்.

சுடும் ஒளி

தள்ளும் ஒளியை விட்டுச் சுடும் ஒளிக்கு வருவோம். பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துச் சருகைக் கொளுத்தாத சிறுவர் உண்டோ? கிண்ணம்போல் குழிந்த கண்ணாடியாலும் அதனைச் செய்யலாம். எல்லாக் கதிர்களையும் பிசகாமல் ஒரே புள்ளியில் சேர்க்கும் குழிவுக்குப் பரவளைவு என்று பெயர். கிரேக்கக் கணித வல்லுநர் தொடங்கி வைத்த இந்த ஆய்வை அறபு அறிஞர்கள் பேணி வளர்த்தனர். பக்தாதில் இப்னு சஹ்ல் 984ஆம் ஆண்டளவில் எரிக்கும் ஆடிகளையும் வில்லைகளையும் பற்றி எழுதினார். இப்னுல் ஹைதம் பரவளைவு எரியாடிகளைப் பற்றித் தனி நூலே இயற்றினார். இந்தக் குழிவைப் பிறகு ஓரிடத்தில் மீண்டும் சந்திக்கப் போகிறோம்.

சூரிய ஒளியையும் விளக்கொளியையும் நெடுந்தொலைவுக்குக் குவித்து அனுப்ப இயலாது, அவை சிதறிவிடும். 1960ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் மைமன் மாணிக்கப் படிகத்தைக் கொண்டு முதல் லேசரை ஒளிரச் செய்தபோது அக்குறை நீங்கியது. லேசருக்குத் தமிழில் ‘சீரொளி’ என்று பெயர் வைத்தனர். எமக்கு இச்சொல்லில் மிகுந்த விருப்பம் உண்டு. சாதாரண ஒளி சந்தைக்கூட்டம் போன்றது. ஒவ்வோர் அலையும் தன் போக்கில் செல்லும். சீரொளியோ ஒரே தாளத்தில் காலெடுத்து வைக்கும் படையணி. சீராக நடப்பதால் அது சிதறாமல் நெடுந்தொலைவு செல்கிறது. பொருளை இத்துணைச் சரியாக உணர்த்தும் கலைச்சொற்கள் நமக்குப் பல வாய்ப்பதில்லை.

1964இல் கரியமில வாயுவைக் கொண்டு வலிமை மிக்க சீரொளியை உண்டாக்கும் முறை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்டது. கண்டறிந்தவர் சி. குமார் படேல், மராட்டிய மாநிலத்துப் பாராமதியில் பிறந்து, புணேயில் பொறியியல் பயின்றவர். இரும்புத் தகட்டை வெட்டும் தொழிற்கூடங்களில் இவ்வகைச் சீரொளி உலகெங்கும் பரவியது. அது கலத்தையும் தூக்கியது.

1972ஆம் ஆண்டு ஆர்தர் காந்திரோவிட்சு என்னும் அமெரிக்க அறிவியலார் தம் கருத்தை வெளியிட்டார். ஆற்றல் தரும் பொறி தரையிலேயே இருக்கட்டும். அது பாய்ச்சும் சீரொளி கலத்தின் அடியில் உள்ள பொருளைச் சூடாக்கட்டும். அப்பொருள் ஆவியாகிச் சீறி வெளியேறும் விசையில் கலம் எழட்டும் என்றார். கலத்தில் எரிதல் இல்லை. எனவே எரிதலின் எல்லையும் இல்லை. சூடு மிகுந்தால் வெளியேறும் விரைவும் மிகும். விநாடிக்கு 9 கிலோமீட்டர் விரைவில் வெளியேற்ற முடிந்தால் நம் கணக்கில் ஒரே படிதான், 2.7 டன் நின்றால் 1 டன் மேலே சேரும். அதுமட்டுமன்று. காற்று உள்ள உயரம் வரை, சூடாக்கும் பொருளாக வெளிக்காற்றையே பயன்படுத்தலாம். பயணம் செய்பவர் கட்டுச்சோறும் கொண்டு போக வேண்டாம், வழியெங்கும் விருந்து!

நேரடித் தள்ளுதலில் 680 கிராமைக்கூடத் தாண்டாத அதே 1,000 மெகாவாட் ஒளி, சூடாக்கும் முறையில் ஒரு டன் எடையைச் சுற்றுப்பாதைக்கு ஏற்றும் என்று கணக்கிட்டனர். கிலோ ஒன்றுக்கு ஒரு மெகாவாட் என்பது இத்துறையினர் கைக்கணக்காகச் சொல்வது. ஒளி ஒன்றே, பயன் மட்டும் எப்படி இவ்வளவு வேறுபடுகிறது என்று மாணவர் கேட்கலாம். ஒரே ஆற்றலைக் கொண்டு, மிக விரைந்தோடும் சிறிதையும் பின்னுக்கு எறியலாம். சற்று மெல்லச் செல்லும் பெரிதையும் எறியலாம். எதிர்விசை பெரிதை எறியும்போதே மிகுதி. ஒளி விரைவின் எல்லையைத் தொட்டது. ஆகவே தள்ளுவதில் மெலிந்தது. ஆவியோ மெல்லச் செல்வது. ஆகவே தள்ளுவதில் வலியது.

வெண்மணலில் எழுந்த சிறு கலம்

காந்திரோவிட்சின் எண்ணத்தைக் கண்ணால் காணும்படி செய்தவர், நியூயார்க் மாநிலத்தின் இரென்சிலர் தொழில்நுட்பக் கல்வி நிலையத்துப் பேராசிரியர் இலைக் மைராபோ. அமெரிக்க வான்படை ஆய்வுக்கூடத்தின் பிராங்க்ளின் மீட் என்பாரும் அவரும் இணைந்து 1990களின் பிற்பகுதியில் நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் ஏவுதளத்தில் சோதனைகள் நடத்தினர். கலம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். உள்ளங்கையில் அடங்கும் அலுமினியக் கிண்ணம். எடை சுமார் 50 கிராம். அதன் அடிப்பாகம் பளபளக்கத் தேய்க்கப்பட்ட ஒரு பரவளைவு ஆடி. ஆம், பக்தாதிலும் கெய்ரோவிலும் அறிஞர்கள் வரைந்து பார்த்த அதே குழிவு.

தரையில் உள்ள 10 கிலோவாட் கரியமில வாயுச் சீரொளி, விநாடிக்கு இருபதுக்கும் மேற்பட்ட முறை விட்டு விட்டுத் துடிக்கும். ஒவ்வொரு துடிப்பும் கலத்தின் அடியாடியில் பட்டு, விளிம்பை ஒட்டிய ஒரு வளையத்தில் குவியும். அங்குள்ள காற்று கண்ணிமைப்பதற்கும் மிகக் குறைந்த நேரத்தில் பல்லாயிரம் பாகை சூடாகி வெடிக்கும். வெடிப்பின் அதிர்ச்சி கலத்தை மேலே உதைக்கும். வெற்றிடமான இடத்தில் புதிய காற்று வந்து நிரம்பும். அடுத்த துடிப்பு வந்து சேரும். கலம் சாய்ந்துவிட்டால் ஒளிக்கற்றையிலிருந்து நழுவிவிடுமே? அதற்காகக் கலத்தை முதலில் பம்பரம்போல் மிக விரைவாகச் சுழற்றிவிட்டே கிளப்பினர். சுழலும் பம்பரம் சாய்வதில்லை என்பதைச் சிறுவர்க்கும் சொல்லத் தேவையில்லை.

1997இல் வெளிப்பரப்பில் நடந்த முதற்கட்டப் பறத்தல்களில் கலம் 15 மீட்டர் அளவே எழுந்தது. 2000ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், 12.2 சென்டிமீட்டர் விட்டமுள்ள கலம் 71 மீட்டர் உயரம் எழுந்து, 12.7 விநாடி வானில் நின்றது. அதில் காற்றோடு, சூட்டில் ஆவியாகும் ஒரு பிளாஸ்டிக் வளையமும் உந்துபொருளாக உதவியது. 71 மீட்டர் ஓர் உயரமா என்று நகைப்பவர், 1926 மார்ச்சில் கோடார்டு பறக்கவிட்ட முதல் திரவ எரிபொருள் இராக்கெட்டு எவ்வளவு எழுந்தது என்று கேட்டறிக. அது 12.5 மீட்டரே எழுந்து, இரண்டரை விநாடியில் தரைக்குத் திரும்பியது. 43 ஆண்டுகளில் அதன் வழித்தோன்றல் நிலவை அடைந்தது.

ஆனால் ஒளிக்கலத்துக்கு அத்தகைய வளர்ச்சி வாய்க்கவில்லை. தரையிலிருந்து சீரொளியால் மட்டுமே கிளம்பி விண்வெளியை எட்டிய கலம் இன்றுவரை ஒன்றுமில்லை. காரணங்களை ஒளிக்காமல் சொல்வோம். கிலோவுக்கு ஒரு மெகாவாட் என்ற கணக்கில் 10 கிலோவாட் கருவி சுற்றுப்பாதைக்கு அனுப்பக்கூடியது 10 கிராம். ஒரு டன்னுக்கு ஆயிரம் மெகாவாட் ஒளி வேண்டும். மின்சாரத்தில் பாதி ஒளியாக மாறினாலும் கூடங்குளத்து உலைகள் இரண்டின் ஆற்றல் சில நிமிடங்களுக்கு முழுமையாக வேண்டும். அத்துணைப் பெரிய சீரொளிக் கருவியை எவரும் இன்னும் கட்டவில்லை. கட்டினாலும் வானம் வழிவிட வேண்டும். மேகம் மறைக்கும், காற்றின் அலைவு கற்றையை அலைக்கழிக்கும், வலிமை மிக்க கற்றை தான் செல்லும் வழியிலுள்ள காற்றையே சூடாக்கித் தன்னைத்தானே விரித்துக்கொள்ளும். எவ்வளவு சீரான ஒளியும் தொலைவு செல்லச் செல்ல விரியும் என்பது இயற்கை விதி. ஒரு மீட்டர் ஆடியிலிருந்து கிளம்பும் கரியமில வாயுச் சீரொளி 500 கிலோமீட்டர் தொலைவில் 13 மீட்டர் அகலமாகிவிடும். 10 மீட்டர் ஆடியிலிருந்து அனுப்பினால் அவ்வகலம் 1.3 மீட்டராகச் சுருங்கும். அத்துணைப் பெரிய ஆடியைப் பறக்கும் கலத்தை நோக்கி இமையளவும் பிசகாமல் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

இக்குறைகளைத் தொழில்நுட்பம் ஒருநாள் வெல்லக்கூடும். எம் மனத்தை உறுத்துவது வேறொன்று.

விளக்கு எவர் கையில்?

மைராபோவின் கலத்தைத் தூக்கிய அந்தச் சீரொளி, கலங்களைத் தூக்குவதற்காகக் கட்டப்பட்டதன்று. சீரொளித் தாக்குதலைப் படைக்கருவிகள் எந்த அளவு தாங்கும் என்று சோதிப்பதற்காகக் கட்டப்பட்டது. அது நின்ற ஒயிட் சாண்ட்ஸ் தளத்தின் வடபகுதியில்தான் 1945 சூலை 16ஆம் நாள் உலகின் முதல் அணுகுண்டு வெடித்துப் பார்க்கப்பட்டது. 1983இல் அதிபர் இரேகன் அறிவித்த விண்வெளிப் படைத்திட்டத்தின் நிதியே, 1980களின் பிற்பகுதியில் ஒளியால் கலத்தை ஏற்றும் ஆய்வுக்கும் ஓரளவு ஊட்டம் அளித்தது. பகைவரின் ஏவுகணையைச் சுட்டு வீழ்த்தும் கற்றையும், நண்பரின் கலத்தை ஏற்றிவிடும் கற்றையும் வேறு வேறு அல்ல. ஒரு டன்னைச் சுற்றுப்பாதைக்கு ஏற்றும் சீரொளியைக் கட்டிய நாடு, தன் தலைக்கு மேல் செல்லும் எந்நாட்டுச் செயற்கைக்கோளையும் குருடாக்கவோ எரிக்கவோ வல்லதாகிவிடும்.

ஆகவே இதனைக் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி பொறியியலைச் சேர்ந்தது மட்டுமன்று. மனிதரின் கண்ணைக் குருடாக்கவே செய்யப்படும் சீரொளிக் கருவிகளைத் தடை செய்யும் உடன்பாடு 1995 அக்டோபரில் வியன்னாவில் ஏற்கப்பட்டு, 1998இல் நடைமுறைக்கு வந்தது. அக்கருவிகள் போர்க்களத்தில் பரவும் முன்னரே அவற்றைத் தடுத்தது அதன் சிறப்பு. விண்ணை நோக்கித் திருப்பப்படும் பெருங்கற்றைக்கு அத்தகைய தனி உடன்பாடு இல்லை. பன்னாட்டு மேற்பார்வையில், பலர் அறிய இயங்கும் ஒரு விளக்காக இருந்தால் மட்டுமே இது கலங்கரை விளக்காகும் என்பது எம் கருத்து. இல்லையேல் கரையில் நின்று கலங்களை எரிக்கும் கொள்ளி.

இறங்குவதே அரிது

ஏற்றம் பற்றிய செய்திகள் பல. இறக்கம் பற்றிப் பேசுவோர் சிலர். உண்மையில் கட்டுச்சோற்றுச் சுமை இறக்கத்தில்தான் மும்மடங்காய் அழுத்துகிறது. புவிக்குத் திரும்பும் கலத்தைக் காற்றே தடுத்து நிறுத்தும். நிலவில் காற்று இல்லை. அங்கு இறங்க வேண்டுமானால் பொறியை எரித்தே விரைவைக் குறைக்க வேண்டும்; அதற்கான எரிபொருளைப் புவியிலிருந்தே சுமந்து வர வேண்டும். அப்பல்லோவின் நிலவு இறங்குகலம் ஏறத்தாழ 15 டன். அதில் 8 டன்னுக்கும் மேல் இறங்குவதற்கு மட்டுமே செலவாகும் எரிபொருள்.

ஒளியால் தடுத்து நிறுத்த இயலுமா? இயலும், ஆனால் போய்ச் சேரும் கரையில் ஒருவர் விளக்குடன் நிற்க வேண்டும். விளக்கு நம் கரையில் உள்ளது. அது கலத்தை அப்பால் தள்ளுமே அன்றி இப்பால் இழுக்காது. 2016 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட ‘ஸ்டார்ஷாட்’ திட்டம் இதனால்தான் இறங்குவதைப் பற்றிப் பேசவே இல்லை. சில கிராம் எடையுள்ள பாய்க்கலங்களை 1,00,000 மெகாவாட் ஒளியால் தள்ளி, ஒளியின் விரைவில் ஐந்தில் ஒரு பங்கு விரைவில் அண்டை விண்மீனுக்கு அனுப்புவது அத்திட்டம். அங்குச் சென்றதும் நில்லாமல் கடந்துபோவதே அதன் விதி.

இராபர்ட் பார்வர்டு என்னும் அறிவியலார் 1984இல் இதற்கு ஒரு விடை கண்டார். பாயை நடுவட்டம், புறவளையம் எனப் பகுதிகளாகச் செய்ய வேண்டும். விண்மீனை நெருங்கும்போது புறவளையம் கழன்று முன்னே செல்லும். புவியின் பக்கமிருந்து வரும் ஒளி அவ்வளையத்தில் பட்டு மீண்டு, பின்னால் வரும் நடுவட்டத்தை எதிர்ப்புறமாகத் தள்ளும். அதனால் கலத்தின் விரைவு குறையும். அப்பால் தள்ளும் ஒளியையே ஓர் ஆடியால் திருப்பித் தடுப்பு ஒளியாக்கிய இந்த எண்ணம் எம்மை வியக்கச் செய்கிறது. கணக்கில் பிழையில்லை, ஆனால் அவர் கேட்ட பாயின் விட்டம் 1,000 கிலோமீட்டர்! தமிழ்நாட்டைத் தென்கோடியிலிருந்து வடகோடி வரை போர்த்தினாலும் மிஞ்சும்.

ஒளி கலத்தை இறக்கும் காலம் வரவில்லை என்று இதனால் கொள்ள வேண்டாம். கலங்கரை விளக்கின் பழைய தொழிலை ஒளி இப்போது நிலவில் செய்கிறது. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் இறங்குகலம் கடைசிக் கட்டத்தில் நிலவில் மோதி அழிந்தது. 2023 ஆகஸ்டு 23ஆம் நாள் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதிக்கு அண்மையில் மெல்ல இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் என்பது நாம் அனைவரும் அறிந்து மகிழ்ந்த செய்தி. புதிய கலத்தில் சேர்க்கப்பட்ட கருவிகளுள் ஒன்று, சீரொளியால் விரைவை அளக்கும் கருவி.

அது செயல்படும் முறை எளிது. நம்மை நெருங்கும் இரயிலின் ஊதல் கூர்மையாகவும், விலகிச் செல்லும் இரயிலின் ஊதல் தணிந்தும் ஒலிப்பதைக் கேட்டிருக்கிறோம். ஒளிக்கும் அவ்வாறே. கலத்திலிருந்து நிலத்தை நோக்கி அனுப்பிய கற்றை பட்டுத் திரும்பும்போது, கலம் நிலத்தை நெருங்கும் விரைவுக்கு ஏற்ப அதன் அதிர்வெண் சிறிது மாறியிருக்கும். அம்மாற்றமே விரைவின் அளவு. வெவ்வேறு சாய்வில் பல கற்றைகளை அனுப்பினால், கலம் கீழே எவ்வளவு விரைவாகச் செல்கிறது, பக்கவாட்டில் எவ்வளவு நழுவுகிறது என்பன எல்லாம் தெரியும். புவியிலிருந்து இதனைக் கட்டுப்படுத்த முடியாது. செய்தி நிலவை அடைய ஒன்றேகால் விநாடி, விடை திரும்ப இன்னும் ஒன்றேகால் விநாடி. அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கலமே பார்த்து, கலமே முடிவு செய்ய வேண்டும். அதற்கு ஒளியே கண்.

2024 பிப்ரவரியில் நிலவில் இறங்கிய ஓர் அமெரிக்கக் கலத்தில், உயரம் அளக்கும் சீரொளிக் கருவிகளின் பாதுகாப்புப் பூட்டைப் புறப்படும் முன் நீக்க மறந்துவிட்டனர். கண் இருந்தும் காணாத அக்கலம் இறங்கிய பின் ஒருபுறமாகச் சாய்ந்தது.

சந்திரயான்-3இன் இறங்குகலமாகிய விக்ரம் இன்னொரு பொருளையும் நிலவில் வைத்திருக்கிறது. அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா கொடுத்தனுப்பிய, 5 சென்டிமீட்டர் அகலமே உள்ள ஒரு குவிமாடம். அதில் எட்டுப் படிகப் பட்டகங்கள் பதிக்கப்பட்டுள்ளன. எத்திசையிலிருந்து ஒளி வந்தாலும் வந்த திசைக்கே அதனைத் திருப்பி அனுப்பும் இயல்புடையவை அவை. மின்சாரம் வேண்டா, பராமரிப்பு வேண்டா, பல்லாண்டு நிலைக்கும். பின்வரும் கலங்கள் தாம் எங்கே இருக்கிறோம் என்று பிசகாமல் அறிந்து இறங்க இத்தகைய ஆடிகள் உதவும்.

நிலவில் இரவு சூழ்ந்ததும் 2023 செப்டம்பரில் விக்ரம் உறங்க வைக்கப்பட்டது. மீண்டும் பகல் வந்தபோது அது விழிக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 12ஆம் நாள், நிலவைச் சுற்றிவரும் நாசாவின் கலம் ஒன்று 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து விக்ரம் நிற்கும் இடத்தை நோக்கிச் சீரொளித் துடிப்புகளை அனுப்பியது. பேச்சற்றுக் கிடந்த கலத்தின் தலையிலிருந்த அந்தச் சிறு குவிமாடத்திலிருந்து ஒளி திரும்பி வந்தது.